சிகிச்சை முடிந்த மறுநாள் முதல்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பயத்தையும் உடம்பையும் கவனித்துக்கொள்ளும் முறை

அம்மாவுக்குக் கதிர்வீச்சின் கடைசி நாள் முடிந்தபோது, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று சொல்லி மருத்துவர் ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார். வீட்டு வாசலில் சித்தி ஆரத்தி எடுத்தார். தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் கண்டம் தாண்டிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவிலும் அயர்ந்து தூங்கிய அம்மா, அன்று இரவுதான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியை இரண்டு விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீமோ நடந்த மாதங்களில் 21 நாளுக்கு ஒரு முறை யாராவது அவரைத் தொட்டுப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஏதாவது கேட்டார்கள். அது நின்றதும், உடம்பைக் காவல் காக்கும் வேலை முழுவதும் தன் தலையில் விழுந்துவிட்டதாக அவர் உணர்ந்தார். சிகிச்சை முடிந்த பின், நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் குறையாமல் கூடுவதற்குக் காரணம் இதுதான். இது மனத்தின் பலவீனம் அன்று. மீண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஏதோ ஓர் அளவில் இதைச் சந்திக்கிறார்கள்.

நான் மருத்துவர் அல்லேன். அம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒன்பது ஆண்டுகளாக மறுபரிசோதனைக்கு நடந்தவள் என்ற முறையிலும், அந்த வரிசைகளில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்கள் கேட்ட கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுபவை மார்பகப் புற்றுநோயை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

பயத்துக்கு ஒரு நோட்டு வாங்குங்கள்

"அதையே நினைக்காதே" என்பதுதான் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்லும் வார்த்தை. அன்பால் சொல்கிறார்கள்; ஆனால் நினைக்காதே என்று சொல்லப்பட்ட எதையும் மனம் நினைக்காமல் இருந்ததில்லை. அதைவிடப் பயன் தருவது, மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைத் தாளில் இறக்கி வைப்பதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். உடம்பில் எது புதிதாகத் தோன்றினாலும் தேதி, இடம், எப்படி இருக்கிறது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது என்ற ஐந்தை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிட வேண்டும். மறுநாள் அதே வலி இருந்தால் அடுத்த வரி. அம்மாவின் நோட்டில் "இடது முழங்கால், மாடி ஏறும்போது" என்று தொடங்கிய வலி, ஆறாவது நாளில் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்திருந்தது. அப்படி முடிந்த பக்கங்கள் சேரச் சேர, வந்து போகும் வலி எது, தங்கும் வலி எது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் அவருக்குத் தன் கையெழுத்திலிருந்தே வந்தது.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இரண்டு வாரம். ஒரு தொந்தரவு புதிதாக வந்து, இரண்டு வாரம் ஆகியும் குறையாமல் இருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் போய்க் காட்ட வேண்டும். எலும்பில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் வலி, அதிலும் படுத்தாலும் விடாமல் இரவில் எழுப்பும் வலி. விடாத வறட்டு இருமல். காரணமில்லாமல் எடை குறைதல். பசியே இல்லாமல் போதல் ஆகியவை இந்த வகை.

சிலவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கு பொருந்தாது. தழும்பிலோ, அக்குளிலோ, கழுத்தெலும்புக்கு மேலோ, மறு மார்பிலோ புதிய கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்டுங்கள். கண் மஞ்சளானால், காலையில் கடும் தலைவலியோடு வாந்தி வந்தால், முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தால், மூச்சு திடீரென வாங்கினால் அன்றே போக வேண்டும். அறுவை நடந்த பக்கத்துக் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தோலடிக் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கும் அன்றே மருந்து தொடங்க வேண்டும். தமொக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் இரண்டைத் தனியாக நினைவில் கொள்ள வேண்டும்: மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. முதலாவது கருப்பை உட்சுவரில் ஏற்படும் மாற்றத்தாலும், இரண்டாவது காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டுவதாலும் வரக்கூடும். இரண்டும் அரிதானவை என்றாலும் தள்ளிப்போடக் கூடாதவை.

இந்தப் பட்டியலைப் படித்தவுடன் வயிற்றைக் கலக்குகிறதென்றால் அது இயல்பு. ஆனால் எதற்குப் போக வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான், எதற்குப் போகத் தேவையில்லை என்ற நிம்மதியையும் தருகிறது. மார்பைத் தடவிப் பார்ப்பதையும் மாதம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து முறை அழுத்திப் பார்த்தால் தோல் கன்றிப்போய், அந்த வலியே புதிய பயத்துக்குக் காரணமாகிவிடும்.

மறுபரிசோதனைக்கு முந்தைய வாரம்

தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போவதும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருவதும் பலருக்கு வருடக்கணக்கில் தொடரும். அந்த வாரத்தில் புதிய பொறுப்பு எதையும் ஏற்காமல், விருந்தினர் யாரையும் அழைக்காமல் இருப்பது நல்லது. வீட்டில் உள்ளவர்களிடம் "இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வழக்கமான நடைமுறை இதுதான்: முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவர் உடம்பைப் பார்த்து விசாரிப்பார், ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கப்படும். பலர் இத்தோடு நிறைவடையாமல், "ஒரு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே, சி.ஏ. 15-3 என்ற இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாமே" என்று கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது எடுக்கத் துணிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு இவற்றை வழக்கமாகச் செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. நோயற்ற இடத்திலும் ஏதோ ஒரு புள்ளி தெரிந்து, அதற்கு இன்னொரு ஸ்கேன், அதற்கு ஒரு திசுப் பரிசோதனை என்று இழுத்துக்கொண்டு போவது மட்டும் அடிக்கடி நடக்கிறது. ஸ்கேன் எழுதவில்லை என்பதால் மருத்துவர் அக்கறையின்றி இருக்கிறார் என்று பொருளில்லை.

மருத்துவரின் அறைக்குள் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான். அதற்குள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நான்காவதை மறுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறையாவது கேட்டு வாங்க வேண்டியது சிகிச்சைச் சுருக்கம்: கட்டியின் அளவு, எத்தனை நெறிக்கட்டுகளில் பரவியிருந்தது, கட்டி ஹார்மோனால் வளரும் வகையா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகள் இருந்தனவா, ஹெர்-2 என்ற புரதத்தின் நிலை என்ன, எந்த மருந்து எத்தனை சுற்று, கதிர்வீச்சு எந்தப் பக்கம், எத்தனை முறை. இவை ஒரே தாளில் இருந்தால், பத்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில் இதய மருத்துவரைப் பார்க்கும்போதும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டாக்சோரூபிசின், ஹெர்-2 உள்ளவர்களுக்கு ஏற்றப்படும் டிராஸ்டுஜுமாப், இடப்பக்க மார்பின் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் இதயத்தைத் தொடக்கூடியவை. படி ஏறும்போது மூச்சு வாங்குவதை வயதின் மேல் பழி போட்டுவிட்டு விடாதீர்கள்.

நடையும் பளுவும்

மீண்டவர்கள் தம் கையால் செய்துகொள்ளக்கூடிய பழக்கங்களில் மிகுந்த பலன் தருவது எது என்று என்னைக் கேட்டால், உணவுக்கு முன்னால் உடற்பயிற்சியைத்தான் சொல்வேன். நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. "இவ்வளவு பட்டுவிட்டாய், நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஓய்வு களைப்பைக் கூட்டுகிறது. கீமோவுக்குப் பின் வரும் களைப்பு, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. அசைய அசையத்தான் அது குறையும்.

2025-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. அது மார்பகத்துக்கானது அன்று. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சித் திட்டமும், மற்றக் குழுவுக்கு நலவாழ்வுக் கையேடும் கொடுத்தார்கள். எட்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம், மற்றதில் 83.2 சதவீதம். மார்பகப் புற்றுநோயில் இதே அளவு பலன் உண்டு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் களைப்பு, மனச்சோர்வு, பதற்றம், எலும்பின் பலம் ஆகியவற்றில் உடற்பயிற்சி தரும் நன்மை பலவகைப் புற்றுநோயாளிகளிடமும் காணப்பட்டிருக்கிறது.

தொடங்கும் முறை எளிது. முதல் வாரம் காலையில் பத்து நிமிடம், வீட்டு மொட்டைமாடியிலோ தெருக்கோடி வரையிலோ. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். தினசரி நடையில் வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போய், வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடத்தை எட்டுவது இலக்கு. அதற்கு மூன்று மாதம் ஆனாலும் குறையில்லை. களைப்பு அதிகமான நாளில் நடையை விட்டுவிடாமல் ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்தால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடக்காமல், பின்பக்கம் பட்டை உள்ள காலணி அணிய வேண்டும். இரவில் கழுவும்போது அடிப்பாதத்தில் முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரும் தயக்கம். நெறிக்கட்டு எடுத்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிவிடும் என்று காலம் காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இந்த எண்ணத்தை மாற்றியது. மேற்பார்வையோடு, அழுத்த உறை அணிந்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென முற்றுவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. கையே அசைக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரெனத் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுதான் ஆபத்து. எனவே முதலில் இயன்முறை மருத்துவரிடம் காட்டி, சுவரில் விரல்களை ஏணிபோல் ஏற்றும் பயிற்சியில் தொடங்கி, பிறகு கால் லிட்டர், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மடக்கி நீட்டும் பயிற்சிக்குப் போகலாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் கால்களுக்கு நல்ல பயிற்சி.

கையின் அளவை மாதம் ஒரு முறை தையல்காரர் நாடாவால் எடுத்துவைப்பது மிகப் பயனுள்ள பழக்கம். முழங்கை மடிப்பு, அதற்கு 10 செ.மீ. மேலே, 10 செ.மீ. கீழே என்று மூன்று இடத்தில் இரு கைகளையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இதற்கு முன் இல்லாத வித்தியாசம் 2 செ.மீ. அளவுக்கு வந்தாலோ, வளையல் அந்தக் கையில் மட்டும் இறுகினாலோ, உடனே காட்ட வேண்டும். ஆரம்பத்தில் பார்த்தால் கட்டுப்படுத்துவது எளிது. முற்றிய பின் கடினம். ஊசி போடுவதும் இரத்தம் எடுப்பதும் இயன்றவரை மறு கையில் நடக்கட்டும். சமையலறையில் சூடு பட்டாலோ அரிவாள்மனை கீறினாலோ உடனே கழுவி மருந்திட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறையில்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் வருகிற ஒவ்வொரு உறவினரும் ஓர் உணவை விலக்கச் சொல்லிவிட்டுப் போவார். பால் கூடாது, கத்தரிக்காய் கரப்பான், கோழி சூடு, சர்க்கரை புற்றுக்குத் தீனி, சோயா ஹார்மோன் என்று எல்லாவற்றையும் கேட்டால் கடைசியில் கஞ்சிதான் மிஞ்சும். சர்க்கரையைப் பற்றி: உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, புற்று உயிரணுவும் அப்படியே, சர்க்கரையை நிறுத்திப் புற்றைப் பட்டினி போட முடியாது. ஆனாலும் இனிப்பைக் குறைக்கச் சொல்வது எடைக்காகவும், கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டால் சிலருக்கு ஏறிவிடும் சுகருக்காகவும். அதைக் குறைப்பது நல்லதே. பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் குற்ற உணர்வில் புரள்வது தேவையற்றது. சோயா, பால், முட்டை, மீன் ஆகியவற்றை அளவாகச் சாப்பிடுவதால் நோய் திரும்பும் என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, புரதம் போதாமல் போவதுதான் நம் வீடுகளில் உண்மையான குறை.

2024-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, 2000 கலோரி கணக்கில் ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி உள்ளிட்ட தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று வகுத்திருக்கிறது. இதை நம் தட்டில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நாம் சோற்றைக் குன்றாகக் குவித்து, அதன் ஓரத்தில் பொரியலை ஊறுகாய்போல் வைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்காக நாங்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: முதலில் தட்டின் பாதியைக் கூட்டு, பொரியல், கீரையால் நிரப்புவது, கால் பங்கில் சுண்டலோ பருப்போ மீனோ வைப்பது, மீதிக் கால் பங்கில் மட்டும் சோறு. முதல் வாரம் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை. மோரில் வெள்ளரிக்காயும் மாங்காய் இஞ்சியும் சேர்த்துக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

எடை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மார்பகப் புற்றுநோயில் மீண்டவர்கள் பலருக்கு எடை கூடுகிறது. அதை "உடம்பு தேறிவிட்டது" என்று நாம் பாராட்டுகிறோம். மாதவிடாய் நின்றபின் உடலில் சேரும் கொழுப்பிலிருந்தும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது. ஹார்மோன் சார்ந்த புற்றுநோயில் இது கவனிக்க வேண்டிய விஷயம். நம் உடல்வாகுக்கு உடல் நிறை எண் (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23-க்குள்ளும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.-க்குள்ளும் இருப்பது நல்லது. இதை ஒரு மாதத்தில் எட்ட வேண்டும் என்று பட்டினி கிடக்க வேண்டாம். கொழுப்போடு தசையும் கரைந்து களைப்பு கூடும். எண்ணெயை ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கிட்டு மாதத் தொடக்கத்திலேயே அளந்து தனி பாட்டிலில் வைப்பதும், மாலை நேர மிக்சருக்குப் பதில் வேகவைத்த கடலையோ கொய்யாவோ வைத்துக்கொள்வதும் சத்தமில்லாமல் பலன் தரும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு மெலியும். கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு சாப்பிடும் சின்ன நெத்திலி ஆகியவை நம் கைக்கெட்டியவை. ஆனாலும் எலும்பு அடர்த்தியைச் சோதித்து, வைட்டமின் டி எவ்வளவு தேவை என்று மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

முள்சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் மாத்திரை, பெயர் தெரியாத பொடி என்று வாட்ஸாப்பில் வருபவை குறித்து ஒரு வேண்டுகோள். குழம்பில் போடும் மஞ்சள் உணவு. செறிவூட்டிய மாத்திரையில் வருவது மருந்து. அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சித்த மருந்தோ ஆயுர்வேதமோ எடுக்க விரும்பினால் முறையாகப் படித்த மருத்துவரிடம் ஃபைலைக் காட்டி எடுங்கள்; எடுப்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தினமும் ஒரு மாத்திரை

ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. மறுபடி வராமல் தடுக்கும் பழக்கங்களில், அந்த மருந்து எழுதப்பட்டவர்களுக்கு இதைவிட வலுவானது வேறில்லை. ஆனாலும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "இந்த மாத்திரை உடம்பில் சூட்டைக் கிளப்புகிறது" என்று ஓர் உறவினர் சொன்னதைக் கேட்டு அம்மாவும் எங்களுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் நிறுத்தியிருந்தார். அட்டைகள் அலமாரியில் அடுக்கி இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர் சொன்ன சூடு உண்மை: இரவில் கழுத்திலிருந்து அனல் கிளம்பி, நைட்டி நனைந்து, மின்விசிறிக்கடியில் போய் நிற்பார். மருத்துவரிடம் சொன்னபோது அதற்கு வழி இருந்தது. மூட்டு வலிக்கும் வழி உண்டு, மாத்திரையை மாற்றவும் வழி உண்டு. எனவே நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்க நேர்ந்தால், தமொக்சிஃபென் சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; பாராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்றவை தமொக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை.

புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம். வெற்றிலையோடு பாக்கு மட்டும்தானே என்பவர்களும் கவனிக்க வேண்டும்: பாக்கே புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டு ஆண்கள் புகைப்பதை வாசலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்; விட விரும்பினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கிடைக்கும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

இரத்த அழுத்தத்தையும் சுகரையும் மறக்காதீர்கள். புற்றுநோயை வென்றவர் மாரடைப்பில் போவது நடக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இவ்விரண்டுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

சொல்ல முடியாதவை

நம் மூத்த தலைமுறை இந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை, "அந்த வியாதி" என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், நோய் முற்றிய பின்தான் பெரும்பாலோர் வந்தார்கள். வந்தவர்களில் திரும்பியவர்கள் குறைவு. மூத்தவர்கள் மனத்தில் பதிந்தது அந்தக் காலத்துச் சாவுகள். ஆகவே பாட்டியோ அத்தையோ உங்களைப் பார்த்ததும் அழுதால், அது உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு வந்த அழுகை அன்று என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் இரவில்தான் பெருகும். படுக்கும் நேரத்துக்கு வெகு முன்பே, மாலை ஆறு மணிக்கு, கால் மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, நோட்டோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். இரவில் அதே எண்ணம் வந்தால், "நாளை ஆறு மணிக்கு" என்று தள்ளி வைக்கப் பழகலாம். இது உளநல ஆலோசகர்கள் உண்மையாகவே கற்றுத்தரும் முறை. முதல் சில நாள் பலிக்காது. இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும். பயத்தால் சமையல், வேலை, தூக்கம் எல்லாம் நின்றுபோனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கணவன் மனைவிக்குள் பேசப்படாமல் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தழும்பைக் காட்டக் கூச்சம், மாத்திரையால் பிறப்புறுப்பில் வரும் வறட்சி, தொட்டால் வலிக்குமோ என்ற கணவரின் தயக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருவரையும் வேறு வேறு அறையில் படுக்கவைத்துவிடுகின்றன. தொடுவதால் நோய் பரவாது. வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத களிம்புகள் உண்டு; பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

மகள்களைப் பற்றிய பயம் பல தாய்மாருக்குத் தம்மைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது. எல்லா மார்பகப் புற்றுநோயும் பரம்பரையாக வருவதில்லை. பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே மரபணுப் பிழை காரணமாகிறது. இளம் வயதில் நோய் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பரிசோதிக்க வேண்டியவர் முதலில் தாய்தான், மகள் அல்லள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு முந்தைய இரவு, பையில் சிகிச்சைச் சுருக்கம், கடைசி மேமோகிராம், மாத்திரை அட்டை, நோட்டு, தண்ணீர், ஒரு டப்பாவில் இட்லி ஆகியவற்றை எடுத்து வையுங்கள். துணைக்கு வருபவரிடம் மூன்று கேள்விகளையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். உள்ளே போனதும் உங்களுக்கு நா எழாவிட்டால் அவர் கேட்கட்டும்.